எனக்குத் திறக்குது, அவருக்குத் திறக்கல: பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை, பிறையில் டியூஷன் சென்டர், தீவிலும் பட்டர்வொர்த்திலும் சில கோயில் நிர்வாகங்கள் என்று சிறிய அகப்பக்கங்களைப் பராமரிக்கும் வேலை என்னுடையது. ஒருவருக்குத் திறக்கும் பக்கம் இன்னொருவருக்கு எச்சரிக்கை காட்டுகிறது என்ற செய்தி புலனத்தில் வராத வாரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதலில் இருப்பவை எல்லாருக்கும் உரியவை. போகப் போக, அகப்பக்கம் நடத்துகிறவர்களுக்கானவை வரும்.

எந்த உலாவியில் திறந்தது, எதில் திறக்கவில்லை என்பதே இதில் முதல் துப்பு. "எனக்கு நல்லாத்தானே வருது" என்று அந்தத் துப்பைத் தள்ளிவிடாதீர்கள்.

அக்கா, சான்றிதழ் சான்றிதழ்னு சொல்றீங்களே, அது என்ன?

"இந்த முகவரி என்னுடையதுதான்" என்று சர்வர் உலாவியிடம் காட்டும் சிறிய கோப்பு. முகவரியின் பெயர், செல்லுபடியாகும் தேதிகள், சர்வரின் பொதுச் சாவி, வழங்கிய நிறுவனத்தின் மின்கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். பெயர் பொருந்துகிறதா, இன்றைய தேதி அந்தக் காலத்துக்குள் வருகிறதா, கையொப்பம் போட்டவர் நம்பத் தகுந்தவரா என்று உலாவி பார்க்கும். இதில் ஒன்று தவறினாலும் பக்கத்தைத் திறக்காமல் எச்சரிக்கை காட்டும்.

கடை நேர்மையானதா என்பதைச் சான்றிதழ் சொல்லாது. மோசடிக்காரரும் சில நிமிடத்தில் இலவசமாக ஒன்று வாங்கிவிடலாம். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதால்தான் கூகுள் 2023இல் குரோமின் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தது.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே பக்கம். குரோம்ல திறக்குது, ஃபயர்ஃபாக்ஸ்ல திறக்கல. அது எப்படிங்க?

யாரை நம்புவது என்ற பட்டியலை ஒவ்வோர் உலாவியும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லாவின் பட்டியல், சஃபாரிக்கு ஆப்பிளின் பட்டியல், எட்ஜுக்கு மைக்ரோசாஃப்டின் பட்டியல். குரோம் வெகுகாலம் விண்டோஸ் அல்லது மேக் வைத்திருந்த பட்டியலையே பயன்படுத்தியது. 2022இல் 105ஆம் பதிப்பிலிருந்து கணினிகளிலும், 2023இல் ஆண்ட்ராய்டிலும் தன் சொந்தப் பட்டியலுக்கு மாறியது.

பட்டியலைத் தவிர பழக்கங்களும் வேறு. சர்வர் அனுப்ப மறந்ததை ஓர் உலாவி தானே தேடி எடுக்கும், இன்னொன்று எடுக்காது. ரத்தான சான்றிதழை ஒன்று கண்டுபிடிக்கும், இன்னொன்று கவனிக்காது. எல்லா உலாவியிலும் ஒரே பிழை வந்தால் கோளாறு பெரும்பாலும் தேதியிலோ பெயரிலோ இருக்கும். ஒன்றில் மட்டும் வந்தால் நம்பிக்கைச் சங்கிலியை, அதாவது ஒருவருக்கு ஒருவர் கையொப்பமிட்ட சான்றிதழ்களின் தொடரை, சந்தேகியுங்கள்.

ஐஃபோன்ல சஃபாரி, குரோம் ரெண்டுலயும் பார்த்துட்டேன். ரெண்டுலயும் ஓகே. அப்போ பிரச்சினை இல்லதானே?

நம் ஊரில் விற்கும் ஐஃபோனில் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ எதைப் போட்டாலும் சான்றிதழைச் சோதிப்பது ஆப்பிளின் முறைதான். நீங்கள் இரண்டு முறை பார்த்தது ஒரே சோதனையை. ஒரு விண்டோஸ் கணினியிலும் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இங்கிலீஷ்ல ஏதோ நீளமா வருதும்மா. ஒண்ணும் புரியல.

முழுதும் புரிய வேண்டியதில்லை. பெரிய எழுத்தில் கீழ்க்கோடுகளோடு இருக்கும் அந்த ஒரு வரியில் எந்தச் சொல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். குரோமில் "டேட் இன்வேலிட்" என்றால் தேதிப் பிரச்சினை. "காமன் நேம் இன்வேலிட்" என்றால் பெயர் பொருந்தவில்லை. "அதாரிட்டி இன்வேலிட்" என்றால் வழங்கியவரை உலாவிக்குத் தெரியவில்லை. இந்தக் கடைசிப் பிழையே ஃபயர்ஃபாக்ஸில் "அன்னோன் இஷ்யூவர்" என்று வரும். அங்கே "எம்ஐடிஎம் டிடெக்டட்" என்று வந்தால், உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் வேறொரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வரி தெரியும்படி திரையைப் படம் பிடித்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. "சிவப்பா வருது" என்று மட்டும் எழுதினால் எங்களால் ஊகிக்கத்தான் முடியும்.

கடையில இருக்குற பழைய கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கம் போனாலும் இதே எச்சரிக்கை. வைரஸா?

முதலில் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி செத்துப்போனால், கணினியை நிறுத்தும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் எதுவும் பிறக்கவே இல்லை. பெரும்பாலான கணினிகளில் அது சிஆர் 2032 வகைப் பேட்டரி, மலிவாகக் கிடைக்கும்.

கடிகாரம் சரியாகத் தெரிந்தாலும் நேர மண்டலத்தைப் பாருங்கள். சான்றிதழின் தேதிகள் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டவை. மண்டலம் லண்டன் என்று இருக்க, யாரோ கையால் மலேசிய நேரத்தை வைத்திருந்தால், கணினி உண்மையில் ஏழெட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இன்று முடியும் சான்றிதழ் அதற்கு ஏற்கெனவே முடிந்துபோனதாகத் தெரியும்.

மாமாக் கடை வைஃபையில மட்டும் வருது. வீட்டுக்கு வந்தா சரியாயிடுது.

பொது வைஃபைகளில் முதலில் ஒரு நுழைவுப் பக்கம் வரும்: ஃபோன் எண் கேட்கும், விதிமுறைக்குச் சம்மதம் கேட்கும். அதை முடிக்கும்வரை நீங்கள் கேட்கும் பக்கத்துக்குப் பதிலாகத் தன் பக்கத்தைத் திணிக்கப் பார்க்கும். மேபேங்க் முகவரியைக் கேட்டீர்கள், வந்தது வைஃபை பெட்டியின் சான்றிதழ் என்றால் உலாவி சரியாகவே தடுக்கிறது. இணைந்தவுடன் தானாக வரும் உள்நுழைவு அறிவிப்பைத் தட்டி அதை முடியுங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை தொடர்ந்தால் அந்த வைஃபையை விட்டுவிட்டு உங்கள் சொந்த டேட்டாவுக்கு மாறுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்ல ஓகே. அதே ஆபீஸ் வைஃபையில என் சொந்த ஃபோன்ல எல்லாப் பக்கத்துக்கும் எச்சரிக்கை. ஃபோன் கெட்டுப்போச்சா?

ஃபோன் நன்றாக இருக்கிறது. சில அலுவலகங்களின் ஃபயர்வால், போக்குவரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தானே தயாரித்த சான்றிதழோடு மறுபடி மூடி அனுப்பும். அதற்கான மூலச் சான்றிதழை, அதாவது அந்தக் கையொப்பத்தை நம்பச் சொல்லும் அடிப்படைச் சான்றிதழை, அலுவலகக் கணினிகளில் ஐடி பிரிவினர் முன்பே நிறுவியிருப்பார்கள். உங்கள் ஃபோனில் அது இல்லை. "இதை உங்க ஃபோன்ல போட்டுக்குங்க" என்று ஒரு கோப்பை நீட்டினால் நான் மறுப்பேன், நீங்களும் மறுக்கலாம். அதை ஏற்றால் அந்த வைஃபையில் நீங்கள் செய்வதில் பெரும்பகுதியை அவர்கள் படிக்க முடியும்.

வீட்டுக் கணினியில் இதே வேலையைச் சில ஆண்டிவைரஸ்கள் செய்கின்றன. அவை தம் மூலச் சான்றிதழை விண்டோஸில் வைப்பதால் குரோமும் எட்ஜும் ஏற்கும். தனிப் பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் முன்பு அடிக்கடி மறுத்தது. 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து, நாம் கணினியில் நிறுவிய மூலச் சான்றிதழ்களை அது இயல்பாகவே ஏற்கிறது. ஆகவே பழைய ஃபயர்ஃபாக்ஸ் என்றால் முதலில் புதுப்பியுங்கள். சந்தேகம் இருந்தால் எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் பெயரைப் படியுங்கள். உங்கள் ஆண்டிவைரஸின் பெயர் அங்கே இருந்தால் கோளாறு அகப்பக்கத்தில் இல்லை.

"அட்வான்ஸ்ட்" அழுத்தி உள்ள போயிடலாம்தானே? எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

வங்கி, வருமான வரி, மின்னஞ்சல், கடவுச்சொல் கேட்கும் எந்தப் பக்கத்திலும் வேண்டாம். உங்கள் வீட்டு மோடத்தின் அமைப்புப் பக்கம் போல, மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் மட்டும் போகலாம். எச்சரிக்கையைத் தாண்டிப் போய் வங்கி விவரங்களை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இதை மேலும் படித்துக்கொண்டிருக்காமல் உடனே வங்கியையோ தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

சில பக்கங்களில் உள்ளே போகும் வழியே வராது. "இனி என்னிடம் பாதுகாப்பான இணைப்பில் மட்டும் வா" என்று சர்வர் சொல்லியிருந்தால் உலாவி அதை நினைவில் வைத்து, மீறும் வழியை மூடிவிடும். எச்எஸ்டிஎஸ் என்பது அதுதான். அந்த நினைவும் உலாவிக்கு உலாவி தனி. முன்பு போய்வந்த குரோம் அடியோடு மறுப்பதும், முதன்முறை போகும் ஃபயர்ஃபாக்ஸ் "ஆபத்தை ஏற்றுத் தொடர்க" என்று வழி காட்டுவதும் இதனால்தான். வழி காட்டுகிறது என்பதால் ஃபயர்ஃபாக்ஸில் அது பாதுகாப்பு ஆகிவிடாது.

எங்க கடைப் பக்கம் எனக்கு எல்லா இடத்துலயும் திறக்குது. சில கஸ்டமருக்கு மட்டும் "அன்னோன் இஷ்யூவர்". அவங்க ஃபோன்தான் பழசா?

எனக்கு வரும் புகார்களில் இதுதான் அதிகம். பெரும்பாலும் தவறு கடைப் பக்கத்தில்தான்.

உங்கள் சான்றிதழில் மூல நிறுவனம் நேரடியாகக் கையொப்பம் போடுவதில்லை. மூலச் சான்றிதழ் ஓர் இடைச் சான்றிதழுக்குக் கையொப்பமிடும், இடைச் சான்றிதழ் உங்களுடையதற்குக் கையொப்பமிடும். உலாவியிடம் இருப்பது மூலம். உங்கள் சர்வர் தன் சான்றிதழோடு இடைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பேரனைத் தெரியாத ஊரில் தாத்தாவை எல்லாருக்கும் தெரியும், ஆனால் நடுவில் அப்பா யார் என்று சொல்லாவிட்டால் உறவு நிரூபணமாகாது, அதுபோல. நிறுவும்போது இடைச் சான்றிதழை விட்டுவிடுவதே வழக்கமாக நடக்கும் பிழை.

விட்டுவிட்டாலும் கணினியில் குரோம், எட்ஜ், சஃபாரி மூன்றும், சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் இடைச் சான்றிதழைத் தாமே எடுத்துக்கொள்ளும். நிறுவியவர் குரோமில் திறந்து பார்ப்பார், வேலை செய்யும், பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஃபயர்ஃபாக்ஸ் அப்படிப் போய் எடுப்பதில்லை. வேறு பக்கங்களில் முன்பு கண்ட இடைச் சான்றிதழை நினைவில் வைத்திருக்கும். 2020 முதல் கணினியில், மொசில்லாவுக்குத் தெரிந்த இடைச் சான்றிதழ்களைப் பின்னணியில் முன்கூட்டியே இறக்கியும் வைத்துக்கொள்கிறது. ஆகவே பல மாதம் ஓடிய ஃபயர்ஃபாக்ஸில் பக்கம் திறக்கும், இன்று நிறுவிய ஃபயர்ஃபாக்ஸில் திறக்காமல் போகலாம். ஒரே உலாவி, ஒரே பதிப்பு, இரண்டு கணினி, இரண்டு முடிவு என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சரி, அதை எப்படிக் கண்டுபிடிச்சு சரி பண்றது?

குவாலிஸின் எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனையில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். இலவசம், சில நிமிடம் ஆகும். முடிவில் சங்கிலி முழுமையில்லை என்ற பொருளில் "செயின் இஷ்யூஸ்: இன்கம்ப்ளீட்" என்று வந்தால் மேலே சொன்னதுதான் நோய். உங்கள் சொந்த உலாவியை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். அது தானே ஓட்டையை அடைத்துக்கொண்டு "எல்லாம் நலம்" என்று சொல்லிவிடும்.

அகப்பக்கத்தை நிர்வகிக்க சிபேனல் வைத்திருந்தால், சான்றிதழ் ஒட்டும் பக்கத்தில் "சிஏ பண்டில்" என்ற பெட்டி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய இடத்திலிருந்து வந்த இடைச் சான்றிதழ் அங்கேதான் போக வேண்டும். சொந்தமாக என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை ஓட்டுகிறவர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் நிறுவனம் கொடுக்கும் கோப்புகளில் "செர்ட்" என்பதை விட்டு "ஃபுல்செயின்" என்பதைச் சுட்ட வேண்டும். மாற்றிய பிறகு சர்வரை மறுபடி ஏற்றி, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பழைய முடிவையே காட்டினால், அந்தப் பக்கத்தில் சேமித்த முடிவை அழிக்கும் இணைப்பு இருக்கும்.

கஸ்டமர் எஃப்பிஎக்ஸ்ல பணம் கட்டிட்டாங்க, பேங்க்லயும் கழிஞ்சிருச்சு. எங்க பக்கத்துல ஆர்டர் மட்டும் "பெண்டிங்"லயே நிக்குது. இதுக்கும் சான்றிதழுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். பணம் கட்டியதும் கட்டணச் சேவையின் சர்வர், "பணம் வந்துவிட்டது" என்று உங்கள் சர்வரிடம் நேரடியாகச் சொல்லும். அங்கே உலாவி கிடையாது, மனிதரும் கிடையாது. இப்படிப் பேசும் நிரல்களில் பெரும்பாலானவை விடுபட்ட இடைச் சான்றிதழைத் தேடி எடுக்காது. யாருக்கும் எச்சரிக்கை காட்டாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். முந்தைய கேள்வியில் சொன்ன சோதனையை ஓட்டுங்கள். கட்டணச் சேவையின் கணக்குப் பக்கத்தில் "கால்பேக்" பதிவு இருந்தால், தோல்விக்கான காரணத்தையும் அங்கே படிக்கலாம்.

அப்பாவோட பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்ல கோயில் பக்கம் திறக்க மாட்டேங்குது. அவருக்குப் புது ஃபோன் வேண்டாமாம்.

அந்தப் பக்கம் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழில் ஓடுகிறதா என்று பாருங்கள். அதன் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1இல்தான் பட்டியலுக்குள் வந்தது. முந்தைய ஃபோன்களுக்காக வேறொரு பழைய மூலம் கூடுதலாகப் போட்ட குறுக்குக் கையொப்பம் கைகொடுத்து வந்தது, அதுவும் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்துவிட்டது. நேற்றுவரை திறந்த பக்கம் திடீரென்று நின்றதாகப் பெரியவர்கள் சொன்னால் அது பொய்யில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், அந்த ஃபோனில் ஏற்கெனவே அது இருந்தால் அதில் திறந்து பாருங்கள். பழைய மேக்குகளிலும் இதே வழி உதவும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன ஃபோனில் திருவிழா நேரம் பார்க்கலாம், வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். அப்பாவிடம் அதை மட்டும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

முன்னாடி டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டா திறக்குது, போடாட்டி எச்சரிக்கை.

இரண்டும் இரண்டு பெயர். சான்றிதழில் இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழும் ஒரு படிக்கு மட்டுமே பொருந்தும். அதற்குக் கீழே இன்னொரு துணைப்பெயர் வைத்தால் அது வெளியே நின்றுவிடும். பழைய சாதனங்கள் பெயரைச் சான்றிதழின் "காமன் நேம்" பகுதியில் மட்டும் எழுதும். 2017இல் 58ஆம் பதிப்பிலிருந்து குரோம் அதைப் பார்ப்பதே இல்லை, மாற்றுப் பெயர்ப் பட்டியலை மட்டுமே பார்க்கிறது.

ஹோஸ்டிங் மாத்தி ஒரு வாரம் ஆச்சு. வீட்டு ஃபைபர்ல குரோம் சரி, ஃபயர்ஃபாக்ஸ் பழைய சான்றிதழைக் காட்டுது. கேஷ் எல்லாம் அழிச்சுட்டேன்.

இரண்டு உலாவியும் இரண்டு வேறு சர்வருக்குப் போகின்றனவா என்று பாருங்கள். அகப்பக்கப் பெயருக்கு உரிய சர்வர் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். உலாவிக்குள் பாதுகாப்பான டிஎன்எஸ் இயக்கியிருந்தால், அது இணையச் சேவையின் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் வேறிடத்தில் முகவரியைக் கேட்கும். பொது டிஎன்எஸ் போக்குவரத்தைத் திருப்பிவிடும் உத்தரவு 2024 செப்டம்பரில் நம் நாட்டில் வந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டதே, அந்த நாள்களில் எனக்குத் தெரிந்த பலர் அதை இயக்கிவிட்டு மறந்துபோனார்கள்.

அடுத்த சந்தேகம் ஐபிவி6, அதாவது சர்வர் எண்களின் புதிய வகை. ஹோஸ்டிங் மாற்றும்போது டிஎன்எஸ்ஸில் பழைய வகை எண்ணைச் சொல்லும் "ஏ" பதிவை மாற்றிவிட்டு, ஐபிவி6 எண்ணைச் சொல்லும் "நான்கு ஏ" பதிவை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஐபிவி6 கிடைக்கும் இணைப்பு பழைய சர்வருக்குப் போகும், கிடைக்காத இணைப்பு புதியதற்குப் போகும். பழைய பதிவை நீக்கினால் தீர்ந்தது. எஸ்எஸ்எல் லேப்ஸ் இரண்டு முகவரிகளையும் தனித்தனியாகச் சோதிப்பதால் இதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கின சான்றிதழ், தேதியும் இருக்கு, சங்கிலியும் முழுசு. ஆனா ஒரு உலாவி மட்டும் நம்ப மாட்டேங்குது. ஏன்?

வழங்கிய நிறுவனத்தின் மீது அந்த உலாவி நம்பிக்கை இழந்திருக்கலாம். என்டிரஸ்ட் அண்மைய எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் 11க்குப் பின் அது வழங்கிய சான்றிதழ்களைக் குரோம் ஏற்கவில்லை. மொசில்லா வைத்த எல்லை நவம்பர் 30. நடுவில் இருந்த நாள்களில் வாங்கியவர்களுக்கு ஒரு உலாவி திறந்தது, மற்றது மூடியது. மலேசியாவுக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 2011 நவம்பரில், என்டிரஸ்டின் கீழ் இயங்கிய மலேசியாவின் டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட் 512 பிட் பலவீனச் சாவிகளுக்கு 22 சான்றிதழ்கள் வழங்கியிருந்தது தெரியவர, மொசில்லா, மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் அதன் மீதான நம்பிக்கையை விலக்கின. அமெரிக்காவின் டிஜிசர்ட் வேறு நிறுவனம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சான்றிதழ் ரத்தாகியிருந்தாலும் இப்படி வரும். ஃபயர்ஃபாக்ஸ் 2025 முதல் கணினிப் பதிப்பில் ரத்தானவற்றின் பட்டியலைச் சுருக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. குரோம் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டுமே வைத்திருக்கும். எனவே ஃபயர்ஃபாக்ஸ் "ரிவோக்டு" என்று சொல்லும்போது குரோம் திறக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். வழங்கிய நிறுவனத்திடம் காரணம் கேட்டு, வேறு சான்றிதழ் வாங்கிப் போடுங்கள்.

கடை சிசிடிவி பெட்டிக்கு நாங்களே பத்து வருஷச் சான்றிதழ் செஞ்சு எல்லா சாதனத்துலயும் ஏத்திட்டோம். ஃபயர்ஃபாக்ஸ் ஏத்துக்குது, ஐபேட் மாட்டேங்குது.

பத்து வருடம்தான் காரணம். 2019 ஜூலை 1க்குப் பின் உருவான சான்றிதழ் 825 நாளுக்கு மேல் செல்லுமானால், நீங்களே ஏற்றிய மூலத்திலிருந்து வந்திருந்தாலும் ஆப்பிள் ஏற்காது. 825 நாளுக்குள் புதிதாகச் செய்யுங்கள். பெட்டியை ஐபி எண்ணால் திறக்கிறீர்கள் என்றால் அந்த எண்ணையும் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் ஐபி வகையாகச் சேருங்கள். ஐபேடில் நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புகளில் "அபௌட்" பகுதியின் அடியில் அந்த மூலத்துக்கு முழு நம்பிக்கை கொடுக்கும் பொத்தானையும் இயக்க வேண்டும்.

தைப்பூசத்துக்கு முன்னாடியே புதுப்பிச்சாச்சுன்னு டெக்னீஷியன் சொல்றார். ஆனா சிலருக்கு இன்னும் "டேட் இன்வேலிட்". யார் சொல்றது உண்மை?

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். புதிய கோப்பு சர்வரின் வட்டில் இருக்கிறது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழையதை நினைவில் பிடித்திருக்கிறது. மறுபடி ஏற்றும்வரை அதையே காட்டும். இரண்டு சர்வர்கள் சுமையைப் பகிர்ந்தால் ஒன்றில் மட்டும் மாற்றியிருக்கலாம், அப்போது பிழை வந்து வந்து போகும். அன்னதான நன்கொடைப் பக்கத்துக்குக் கூட்டம் வரும் வாரத்தில் இப்படி நடந்தால், எச்சரிக்கையைக் கண்டு பயந்து திரும்பும் பக்தரை மறுபடி வரவழைப்பது கடினம்.

கையால் புதுப்பிக்கும் வழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். சான்றிதழின் ஆயுளுக்கு 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15இல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15இல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15இல் 47 நாளாகவும் குறைகிறது. தானியங்கிப் புதுப்பிப்பை அமைக்கும்போது, அது முடிந்ததும் சர்வரை மறுபடி ஏற்றும் கட்டளையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெளியிலிருந்து தேதியைப் பார்த்து, முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே செய்தி அனுப்பும் கண்காணிப்பு ஒன்றையும் வையுங்கள். அந்தச் செய்தி டெக்னீஷியனுக்கு மட்டும் போகாமல் நிர்வாகத்தில் இன்னொருவருக்கும் போகட்டும்.